செயின்ட் அகஸ்டின்: கோட்டையா, ஹோட்டலா?

ஃப்ளோரிடாவில் உள்ள செயின்ட் அகஸ்டின் சின்ன ஊர்தான். ஆனால் ஸ்பானியர்கள் 1565-இல் நிறுவியதிலிருந்து இன்றுவரை மக்கள் தொடர்ந்து வாழ்ந்துவருகிறார்கள். கையில் அரை நாள்தான் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது?

என் ஓட்டு காஸ்தில்யோ தெ சான் மார்கோஸ் கோட்டைக்கு. 1672-இல் கட்டத் தொடங்கி 1695-இல் முடித்தார்கள். எதிரே இருக்கும் அனஸ்டாசியா தீவிலிருந்து வெட்டி வந்த கொக்கீனா கல்லால் ஆனது. சிப்பி ஓடுகள் இறுகி உருவான, மெத்தென்ற கல். இதுவா கோட்டைக்கு என்று தோன்றும். அந்த மென்மைதான் காப்பாற்றியது: பீரங்கிக் குண்டு பட்டால் சுவர் சிதறாமல் குண்டை உள்வாங்கிக்கொண்டது. 1702-இல் ஆங்கிலேயர்கள் ஏறக்குறைய 50 நாள் முற்றுகையிட்டு ஊரையே கொளுத்தினார்கள். உள்ளே தஞ்சம் புகுந்த சுமார் 1,500 பேர் தப்பினார்கள். சண்டையிட்டு இதை யாரும் பிடித்ததே இல்லை.

மற்றொன்று போன்ஸ் தெ லியோன் ஹோட்டல். ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்தின் கோடீஸ்வரர் ஹென்றி ஃபிளாக்லர் 1888-இல் திறந்தது. அமெரிக்காவின் வட மாநிலப் பணக்காரர்கள் குளிர்காலத்தைக் கழிக்க வந்த இடம். கண்ணாடிக் கலைஞர் டிஃபனியின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் கொண்ட சாப்பாட்டுக் கூடம் கண்ணைப் பறிக்கும். 1968 முதல் ஃபிளாக்லர் கல்லூரி இங்கேதான் நடக்கிறது. மாணவர்கள் தினமும் அந்தக் கூடத்தில்தான் சாப்பிடுகிறார்கள், கொடுத்துவைத்தவர்கள்!

வேடிக்கை என்னவென்றால், இதன் கான்கிரீட்டிலும் அதே கொக்கீனா கலந்திருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் கோட்டைக்குப் போய்விடுங்கள். மேல்தளத்தில் நிழலே கிடையாது.