பதினொரு ஹார்ட்டும் ஒரு மானும்

அலுவலகத்தில் என் பக்கத்து மேசை அக்கா போன கிழமை கேட்டார்: "தங்கச்சி, உங்கட மகள் வச்சு விளையாடுற அந்த லெகோ மாதிரிக் கட்டைப் பெட்டி இப்ப விலை குறைஞ்சிருக்காம். என்ட மகனுக்கு வாங்கலாமா?"

யோசிக்கக்கூட இல்லை, "வேண்டாம் அக்கா" என்று சொல்லிவிட்டேன். அதற்கு முதல்நாள் இரவுதான் அந்தக் கம்பனியின் ஆப், மகள் தான் கட்டியதை எடுத்துப் போட்ட படத்தை மறுபடியும் திருப்பி அனுப்பியிருந்தது, அந்தக் கோபம். வீட்டுக்கு வந்த பிறகு, மூன்று வருடம் பிள்ளை விளையாடிய ஒரு சாமானை ஒரே சொல்லில் தள்ளிவிட்டேனே என்று இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கட்டைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஒன்றில் ஒன்று செருகிக் கட்டுகிற பிளாஸ்டிக் கட்டைகள். லெகோ அல்ல, லெகோவோடு பொருந்துகிற இன்னொரு கம்பனியின் 500 துண்டுப் பெட்டி. லெகோக் கட்டையின் இன்றைய வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டது 1958இல், அது எப்போதோ காலாவதியாகிவிட்டதால் யாரும் செய்யலாம். கொழும்புப் புறக்கோட்டையில் 6,500 ரூபாய்க்கு வாங்கியது. பத்துப் பன்னிரண்டு துண்டுகள் இறுக்கமில்லை, நிறம் மங்கவில்லை. அவ்வளவுதான்.

பெட்டியைவிடப் பெரிய விளையாட்டு அந்த ஆப்பில்தான். ஒவ்வொரு கிழமையும் ஒரு சவால் வரும். "ஒரே நிறத்தில் ஒரு மிருகம்", "ஓடாத வாகனம்" என்கிற மாதிரி. பிள்ளைகள் கட்டி, படம் எடுத்துப் போட வேண்டும். இது இவர்களின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. லெகோவே இப்படி ஒன்றை 2008இல் ஜப்பானில் கூசூ என்ற பெயரில் தொடங்கி, 2014இல் ஐடியாஸ் என்று பெயர் மாற்றியது. அங்கே யாரும் ஒரு வடிவத்தைப் போடலாம், 10,000 பேர் ஆதரித்தால் கம்பனி பரிசீலிக்கும், கடைக்கு வந்தால் வடிவமைத்தவருக்கு நிகர விற்பனையில் 1 சதவீதம். மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் பெட்டி 2012இல் வந்தது அந்த வழியில்தான். 2017இல் 2,049 துண்டில் ஒரு பழைய மீன்பிடிக் கடை வந்தது. அந்தப் படத்தை மகளுக்குக் காட்டினேன். "திருக்கடலூர் மீன்வாடி மாதிரி இல்லையே, வலை எங்க?" என்று கேட்டாள். பத்தாயிரத்தைத் தாண்டியதும் எல்லாம் பெட்டியாகிவிடாது, பெரும்பாலானவை பரிசீலனையோடு நின்றுவிடும். ஆனாலும் ஒரு வடிவத்துக்கு 10,000 பேர் கை தூக்கினால் அதை வாங்க ஆள் இருக்கிறது என்று விற்பதற்கு முன்னமே தெரிந்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனம்தான், குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் ஆப்புக்கு வருகிறேன். போன வருடம் "20 துண்டுக்குள் உங்கள் ஊர்" என்று ஒரு சவால். எங்கள் ஊர் திருகோணமலை. மகள் முதலில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைத் தொடங்கினாள். ஏழு கிணறும் வைத்தால் தண்ணீருக்குத் துண்டு மிஞ்சாது என்று விட்டுவிட்டு, பிரெட்ரிக் கோட்டை மானைக் கட்டினாள். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், ஆட்களுக்குப் பயப்படாமல் நம் கைப்பையை மோந்து பார்க்குமே, அந்த மான். பழுப்பு நிறம் போதாமல் ஒரு கால் மஞ்சள். கொம்புக்குத்தான் இரண்டு நாள் போனது. கடைசியில் கதவுப் பிணைச்சல் துண்டுகள் இரண்டைத் தலைகீழாகச் செருகினாள். பார்த்தவுடன் மான் என்று தெரிந்தது, பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை.

படம் திரும்பி வந்தது. தனிப்பட்ட விவரம் இருக்கிறதாம். தேடித் தேடிப் பார்த்தால், பின்னால் சுவரில் தொங்கிய கலண்டரில் நகைக்கடையின் தொலைபேசி இலக்கம்! சரி, பிள்ளைகள் புழங்கும் இடம், அப்படிப் பார்க்கத்தான் வேண்டும், நான்கூட மெச்சினேன். கலண்டரைக் கழற்றிவிட்டு அனுப்பினோம். இரண்டாவது முறை மேசைக் கண்ணாடியில் அவளுடைய முகம் மங்கலாகத் தெரிந்ததாம். மூன்றாவது முறை காரணமே இல்லாமல் திரும்பியது. ஒவ்வொரு முறையும் பதில் வர ஒரு நாள், நடுவில் கரண்ட் இல்லாத நேரம் வேறு. நான்காவது முறை ஏறியபோது சவால் முடிய ஆறு மணித்தியாலம்தான் இருந்தது.

பதினொரு ஹார்ட் கிடைத்தது. பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளையின் கோட்டைக்கு நாலாயிரத்துச் சொச்சம், எண்ணிப் பார்த்தால் 20 துண்டுக்கு எவ்வளவோ மேல். "அம்மா, பதினொண்டு கூடவா குறைவா?" என்று கேட்டாள். எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. அன்று இரவே மானைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டாள். அதுவரை கட்டியதை யோசிக்காமல் உடைத்து அடுத்ததைக் கட்டுகிற பிள்ளை, அன்றைக்கு உடைத்தது வேறு மாதிரி. எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான். கட்டச் சொல்லிக் கூப்பிடுங்கள், தட்டிக் கொடுங்கள், எட்டு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் அந்த எண்ணை ஏன் ஒட்டுகிறீர்கள்?

ஆனால் அதே ஆப்பில் "என் வகையில்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மற்றவர் கட்டியதைப் பார்த்து நாம் மாற்றிக் கட்டிப் போடலாம். ஒரு மாதம் கழித்து யாரோ ஒரு பிள்ளை இவளுடைய மானைக் கட்டி, அதே பிணைச்சல் கொம்பு வைத்து, தலையில் ஒரு குளிர்த்தொப்பியும் மாட்டியிருந்தது. மகள் அந்தக் கிழமை முழுக்கச் சிரித்தாள். திருகோணமலை மானுக்குக் குளிர்த்தொப்பி! உடனே அந்த மானுக்கு ஒரு பனிக்காடு கட்டிப் பதில் அனுப்ப வேண்டும் என்று நின்றாள். வெள்ளைக் கட்டை போதவில்லை. நான் புட்டுக்குத் துருவி வைத்திருந்த தேங்காய்ப்பூ பனியாகிவிட்டது. காலையில் காடு முழுக்க எறும்பு. 500 துண்டையும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி மொட்டைமாடியில் காயப்போட்டதில் இரண்டு மூன்றை காகம் கொண்டுபோனது. அந்தப் படமும் ஒருமுறை திரும்பித்தான் வந்தது, எறும்புக்காகவோ என்னவோ.

இப்போது பெட்டி 4,900 ரூபாய். அக்கா, நான் சொன்னது சொன்னதுதான், வாங்காதீங்க. கட்டை மட்டும் போதுமென்றால் சந்தையில் இன்னும் மலிவாகக் கிடைக்கும், ஆப்போடு சேர்த்து என்றால் அந்தப் படம் திருப்பியனுப்புகிற கூத்துக்கு உங்களுக்குப் பொறுமை காணாது. நானா? வெள்ளைக் கட்டை போதவில்லை என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்ததால் நேற்று ராத்திரி இரண்டாவது பெட்டிக்கு ஓடர் போட்டுவிட்டேன். வந்ததும் பழையதை உங்கள் மகனுக்கு ஒரு மாதம் தருகிறேன், பிணைச்சல் துண்டு இரண்டையும் மட்டும் எடுத்து வைத்துவிட்டு.