குழுவோட யாத்திரையா, நாங்களாப் போறதா? இராமேஸ்வரம் ரெண்டு தரம் போய் வந்த அனுபவம்

இலங்கையில எங்கட திருமலையில (திருகோணமலையில) இருந்து தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போக வெளிக்கிடுற சொந்தக்காரர் எல்லாரும் என்னட்டக் கேக்கிறது, குழுவோட போறதோ இல்லாட்டி நாங்களாப் போறதோ எண்டுதான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரெண்டு விதமாவும் போயிட்டு வந்திட்டன். வயசான ஆக்களோட போறதெண்டா நாங்களாப் போறதுதான் நல்லம் எண்டு எனக்குப் படுது.

குழுவில விசா, பிளைட், ரூம் எல்லாம் அவையளே பாப்பினம், எங்கட ருசிக்குச் சாப்பாடு, தனியா வாற பொம்பிளையளுக்குத் துணை. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். செலவிலயும் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் வரேல்ல.

பிரச்சினை நேரம். அங்க கனக்கக் கோயில்கள் மத்தியானம் 12, 12.30க்கு நடை சாத்தினா 4 மணிக்குத்தான் திறக்கும். குழுவில ஒரு நாளைக்கு நாலஞ்சு கோயில் போட்டிருப்பினம், அத்தினை பேரும் குளிச்சுச் சாப்பிட்டு பஸ் ஏறவே எட்டரை ஆயிடும், ரோட்டில கொஞ்சம் மறிபட்டாலும் அடுத்த கோயிலில பூட்டின கதவைத்தான் கும்பிட வேணும். தஞ்சாவூர்ப் பெரியகோயிலுக்கு எங்களுக்குக் கிடைச்சது அரை மணித்தியாலம். அம்மாக்கு முழங்கால் வருத்தம், மற்ற ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம் எண்டு அவ ஏலாத காலோட அவசரமா நடந்ததைப் பாக்க எனக்கு அழுகை வந்திட்டு.

இராமேஸ்வரத்தில ஸ்படிகலிங்க தரிசனம் விடிய 5 மணிக்கு, எங்கட பஸ் போய்ச் சேந்தது பத்து மணிக்கு. 22 தீர்த்தமும் ஆடினாப் பிறகு ஈர உடுப்போட சுவாமியிட்ட விடமாட்டினம், உடுப்பு மாத்திக்கொண்டு வரிசைக்கு வர வேணும், அதுக்கே அம்மாக்கு ரெண்டு மணித்தியாலம் போச்சு. தனுஷ்கோடிக்கு நேரமில்ல எண்டு விட்டிட்டினம். அதுதான் அவவுக்கு ஆறாத கவலை. 1964 மார்கழிப் புயல் திருமலையில அடிச்சுப்போட்டுத்தான் அந்தப் பக்கம் போனது. அப்ப அவவுக்கு ஏழு வயசு, வீட்டுக் கூரை பறந்த அந்த இரவை இண்டைக்கும் சொல்லுவா. அதே புயல்தான் தனுஷ்கோடியை ரயிலோட சேத்துக் கொண்டுபோனது.

ரெண்டாம் தரம் அம்மா, தங்கச்சி, நான் மட்டும். கோயிலுக்குக் கிட்ட ரெண்டு இரவு ரூம் எடுத்தம். விடிய நாலரைக்கு நடந்து போய் ஸ்படிகலிங்கம் பாத்தம், மத்தியானம் அம்மா காலை நீட்டிப் படுத்தா, மூண்டு மணிக்கு ஓட்டோ பிடிச்சு தனுஷ்கோடி. புயலில இடிஞ்சு கூரையில்லாம நிக்கிற தேவாலயத்துச் சுவருக்குப் பக்கத்தில அவ கன நேரம் இருந்தவ, ஒண்டும் கதைக்கேல்ல. சம்பந்தர் இராமேஸ்வரத்தில நிண்டுதான் எங்கட திருமலைக் கோணேசர் மேல கோணமாமலைப் பதிகத்தைப் பாடினவர் எண்டு சொல்லுவினம், அடுத்த நாள் அம்மா அந்த நீளப் பிரகாரத்தில இருந்து அதை முழுக்கப் பாடினவ. குழுவோட போயிருந்தா ரெண்டாம் பாட்டிலயே எழுப்பியிருப்பினம்.

கரைச்சலும் இருக்கு. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எண்டா சில லொட்ஜில ரூம் தரமாட்டினம், வெளிநாட்டு ஆக்கள் தங்கிறதை அரசாங்கத்துக்கு அறிவிக்கிற சி பாரத்தில (Form C) எங்களைப் பற்றிப் பதிய வேணும் அவையள், அதால போக முதலே போன் எடுத்து இலங்கைப் பாஸ்போர்ட் எண்டு சொல்லிக் கேளுங்கோ. இந்திய நம்பர் இல்லாம ரயில் டிக்கெட் ஒன்லைன்ல எடுக்கிறதும் கஷ்டம், நாங்கள் ஸ்டேசன் கவுண்டரில நிண்டுதான் எடுத்தனாங்கள். அங்க ஆக்கள் டீக்கும் போன்ல ஸ்கேன் பண்ணிக் குடுக்கினம், நாங்கள் சில்லறை மாத்தி வச்சிருந்தபடியா தப்பினம்.

காசிக்கு நான் குழுவோட மட்டுந்தான் போனது, பாஷை தெரியாத ஊரில தனியாத் திரிஞ்ச அனுபவம் எனக்கு இல்ல, அங்கயெண்டா குழுவோடயே போங்கோ.

வாற தையில சிதம்பரம், வைத்தீஸ்வரன்கோயில் பக்கம் போக இருக்கிறம். காலம ஒரு கோயில், பின்னேரம் ஒரு கோயில், அதுக்கு மேல போடவே வேண்டாம் எண்டு அம்மா சொல்லிட்டா.