ஒரே வயிறு, இரண்டு ஆபரேஷன்: ஸ்லீவும் பைபாஸும், ஒன்பது ஆண்டு அனுபவம்

2016ல் உடல் எடையைக் குறைக்க ஸ்லீவ் என்ற இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டேன். 2021ல் அதையே பைபாஸ் என்ற இன்னொரு எடைக்குறைப்பு ஆபரேஷனாக மாற்ற வேண்டி வந்தது. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துப் பார்த்தவள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் "எதைப் பண்ணிக்கலாம்?" என்று யாராவது கேட்டால், எடையைப் பற்றி நான் கேட்பதே இல்லை. "ராத்திரி படுத்தால் நெஞ்சு எரியுமா?" என்றுதான் முதலில் கேட்பேன். 2016ல் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் அழுத்திக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் பொய்தான் சொல்லியிருப்பேன்.

அப்போது என் எடை 118 கிலோ, உயரம் 158 செ.மீ. உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 47. சர்க்கரைக்கு மாத்திரை, இரண்டு முழங்காலும் போய்விட்ட மாதிரி வலி, மாடி ஏறினால் மூச்சு. ஆபரேஷனுக்குத் தகுதி உண்டா என்ற பேச்சுக்கே இடமில்லை. 1991ல் வகுத்த பழைய அளவுகோலே 40க்கு மேல் என்றுதான் இருந்தது. (2022ல் அதைத் தளர்த்தி, வேறு நோய் இல்லாவிட்டாலும் 35 போதும் என்றார்கள். ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு 27.5லிருந்தே ஆபரேஷன் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.) இப்போது எல்லோரும் பேசுகிற எடைக்குறைப்பு ஊசிகள் அன்று பேச்சிலேயே இல்லை. இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன், மறைப்பானேன்.

சர்ஜன் ஒரு தாளில் இரண்டு படம் வரைந்தார். முதல் படத்தில் இரைப்பையின் இடதுபுறத் தொங்கலை ஸ்டேப்லர் வைத்து நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். வாழைப்பழம் மாதிரி ஒல்லியான குழாய் ஒன்று மிஞ்சுகிறது. அது ஸ்லீவ். இரண்டாவது படத்தில் இரைப்பையின் மேல்முனையில் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையைப் பிரித்து, சிறுகுடலை அறுத்துக் கொண்டுவந்து அதில் தைக்கிறார்கள். மீதி வயிறும் பித்தமும் வேறு வழியாக வந்து கீழே குடலில் சேருகின்றன. அது பைபாஸ். ரூ என்ற சுவிஸ் சர்ஜனின் பெயரில் வழங்குகிற 'ரூ-என்-ஒய்' இணைப்பு.

படத்தைப் பார்த்ததும் முடிவெடுத்துவிட்டேன். குடலைத் தொடாத முதல் படமே போதும். 'சின்ன ஆபரேஷன்' என்று நானாகவே அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டேன். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கு வெளியே போய்விடுகிறது, திரும்ப வராது. பைபாஸில் எதையும் வெட்டி எறிவதில்லை. அவசியம் நேர்ந்தால், கடினம்தான் என்றாலும், பழையபடி இணைக்க வழி உண்டு. எது சின்னது என்று நான் போட்ட கணக்கே தலைகீழ். அது ஐந்து வருடம் கழித்துத்தான் உறைத்தது.

ஆபரேஷனுக்கு முன் எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள். ரிப்போர்ட்டின் நான்காவது வரியில் 'சிறிய ஹயாட்டஸ் ஹெர்னியா' என்று இருந்தது. வயிற்றின் மேல்நுனி உதரவிதானத்தின் ஓட்டை வழியாகக் கொஞ்சம் மேலே ஏறி நிற்பது. அந்த வரியை யாரும் விரல் வைத்துக் காட்டவில்லை, நானும் படிக்கவில்லை. "ஏப்பம், எரிச்சல் உண்டா?" என்று ஒரு ஜூனியர் டாக்டர் கேட்டபோது, "எப்போதாவது" என்றேன். என் தலையணைக்கடியில் அந்த நேரம் அமில மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. பத்தில் ஆறு தீர்ந்திருந்தது. அதை ஒரு நோயாக நான் எண்ணியதே இல்லை.

ஸ்லீவின் முதல் ஒன்றரை வருடத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். இரண்டு வாரம் திரவம், இரண்டு வாரம் மசித்தது, பிறகு மெல்ல மெல்லத் திட உணவு. மூன்று ஸ்பூனில் வயிறு நிரம்பியது. வாழ்க்கையில் முதன்முறையாகப் பசி என்பதே மறந்துபோனது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது, வெட்டி எடுத்த அந்தத் தொங்கலில்தானாம். பித்தக்கல் வராமலிருக்க ஆறு மாதம் மாத்திரை தந்தார்கள். நான்காவது மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. ஒருநாள் குளியலறை வடிகாலில் அடைத்த முடியைக் குனிந்து எடுத்தபோது அழுதேன். கூடவே இன்னொன்றும் உறைத்தது: மூச்சு வாங்காமல் குனிய முடிகிறது. முடி ஏழெட்டு மாதத்தில் திரும்ப முளைத்துவிட்டது. பதினாறாவது மாதம் எடை 76. சர்க்கரை மாத்திரை நின்றது.

மூன்றாவது வருடம் தலையணைகள் பெருகத் தொடங்கின. முதலில் இரண்டு, பிறகு மூன்று, கடைசியில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல். இரவு இரண்டு மணிக்கு, யாரோ தொண்டையில் அமிலத்தை ஊற்றிய மாதிரி விழித்து எழுவேன். மூக்கு வரை எரியும், இருமல் நிற்காது. வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தோடு முதுகைத் தடவிவிட்டு, "மறுபடியுமா?" என்பார். அவருக்கும் தூக்கமில்லை. காலையில் குரல் கட்டியிருக்கும்.

அடுத்த சர்ஜன் விளக்கியபோதுதான் ஏன் இப்படி என்று புரிந்தது. ஒல்லியான குழாயில் அழுத்தம் அதிகம். அடியில் இருக்கும் பைலோரஸ் வால்வு கெட்டியாகவே இருக்கிறது. மேலே உணவுக்குழாயும் வயிறும் சேரும் இடத்தில் இயற்கையாக இருந்த கோணமும், விரிந்துகொடுக்கும் தொங்கலும் போய்விட்டன. என் விஷயத்தில் ஹெர்னியா வேறு. "அடிப்பூட்டு கெட்டி, மேல்பூட்டு பழுது. நடுவில் அமுக்கினால் எந்தப் பக்கம் வரும்?" என்றார் அவர். பதில் சொல்லவும் வேண்டுமா?

முதலில் ஆபரேஷன் செய்த இடத்தில் இதைச் சொன்னபோது, "எடை குறைஞ்சிடுச்சில்ல, மாத்திரை போடுங்க" என்றார்கள். அங்கே எடைதான் கணக்கு. வேறு எதையும் கேட்பதற்குக் காதில்லை. இரண்டு வேளை அமில மாத்திரை, அதன் அளவும் கூடியது. மறுபடி எண்டோஸ்கோப்பி எடுத்தபோது உணவுக்குழாயின் அடிப்பகுதி புண்ணாகியிருந்தது. இடையில் எடையும் 84க்கு ஏறிவிட்டது. எரிச்சலைத் தணிக்க ஐஸ்கிரீமும் பிஸ்கட்டுமாகக் கொறித்ததன் பலன். ஸ்லீவ் வைத்தவருக்குக் கறித்துண்டு இறங்காது, ஐஸ்கிரீம் வழுக்கிக்கொண்டு இறங்கும். இந்த ரகசியத்தை எந்த ஆலோசனைத் தாளிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

மாற்று ஆபரேஷனுக்கு மினி பைபாஸையும் யோசித்துப் பார்த்தோம். 1997ல் ரட்லட்ஜ் என்ற அமெரிக்க சர்ஜன் தொடங்கியது. இரண்டு இணைப்புக்குப் பதில் ஒன்று, நேரமும் குறைவு. எடைக்கும் சர்க்கரைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது என்கிறார்கள். ஆனால் அந்த ஒற்றை இணைப்பின் வழியாகப் பித்தநீர் வயிற்றுப் பைக்குள் வந்துபோகும். ஏற்கெனவே எதுக்களிப்பில் வெந்தவளுக்கு, அமிலத்தை விட்டுப் பித்தத்தைப் பிடிப்பானேன்? ரூ-என்-ஒய் என்றே முடிவாயிற்று.

இரண்டாவது முறை வயிற்றைத் திறப்பது முதல் முறை மாதிரி இருக்காது. தழும்பும் ஒட்டுதலுமாக இருப்பதால் ஆபத்தும் கூடுதல். முதல் தடவை மூன்றாம் நாள் வீட்டில் இருந்தேன், இந்தத் தடவை ஆறு நாள். மூன்றாம் நாள் இரவு கட்டிலைச் சமமாக இறக்கிவிடச் சொன்னேன். நர்ஸ் தயங்கினார். "கொஞ்சம் பாக்கலாம் சிஸ்டர்" என்றேன். மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தேன். எரியவில்லை. மூன்று வருடத்தில் முதல்தடவை.

இனி பைபாஸின் குறைகள். ஒன்றும் லேசில்லை. இரண்டாம் மாதம் ஒரு பிறந்தநாளில் கேக் ஒரு துண்டு, அதுவும் பாதிதான் தின்றேன். கால்மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டியது, இதயம் படபடத்தது, வயிற்றைப் பிசைந்தது. விருந்தினர் படுக்கையறையில் முக்கால் மணி நேரம் சுருண்டு கிடந்தேன். இதற்குப் பெயர் டம்பிங். சர்க்கரை சட்டென்று குடலில் விழுவதால் வருவது. எல்லோருக்கும் வருவதில்லை. எனக்கு அது காவல்காரன் மாதிரி ஆகிவிட்டது, கேக்கைப் பார்த்தாலே உடம்பு கை எடுத்துக் கும்பிடுகிறது.

மாத்திரைப் பெட்டி இன்னொரு கதை. ஸ்லீவுக்கும் சத்து மாத்திரை உண்டு. பைபாஸில் அதைத் தவறவிடவே முடியாது. பி12, இரும்பு, விட்டமின் டி, கால்சியம் சிட்ரேட். கார்பனேட் வகைக் கால்சியம் கரைய அமிலம் வேண்டும், நம்மிடம் அது மிகக் குறைவு, ஆகவே சிட்ரேட். இரும்பு உடம்பில் சேருவதைக் கால்சியம் தடுக்கும், அதனால் இரண்டு மணி நேரம் இடைவெளி. செல்போனில் நான்கு அலாரம். ஒரு வருடம் சோம்பலாக விட்டதில் ஹீமோகுளோபின் 8.6க்கு இறங்கி, நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள். அது முழுக்க என் தப்பு.

பைபாஸ்காரருக்கு வலி மாத்திரையும் எதிரி. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகையறா புதிய இணைப்பில் புண்ணை உண்டாக்கும். புகைபிடித்தாலும் அதே கதிதான். பல் பிடுங்கிய அன்று பல் டாக்டர் வழக்கம்போல் டைக்ளோஃபெனாக் எழுதித் தந்தார். மருந்துக் கடையில் அட்டையைப் புரட்டிப் பார்த்ததால் தப்பித்தேன். மது குடிப்பவராக இருந்தால், அது முன்னைவிட வேகமாக ஏறும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வருடக்கணக்கில் கழித்தும் திடீரென்று சுருட்டிப் பிடிக்கிற வயிற்றுவலி வந்தால், குடல் உள்ளே சந்தில் சிக்கியிருக்கலாம். வாயு என்று வீட்டில் படுத்துக்கிடக்கக் கூடாது.

மற்ற எடைக்குறைப்பு முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்னோடு பரிசோதனைக்கு வந்த ஓர் அக்கா, இரைப்பையின் மேல்பகுதியை இறுக்கிப் பிடிக்கும் 'பேண்ட்' என்ற வளையம் போட்டிருந்தார். அது நழுவி, கழற்றி, பிறகு பைபாஸுக்கு வந்தார். இப்போது பேண்டை யாரும் பரிந்துரைப்பதாகக் கேள்விப்படவில்லை. இரைப்பைக்குள் வைத்து நிரப்பும் பலூன் ஓர் ஆபரேஷன் என்றே சொல்ல முடியாது, பெரும்பாலும் ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள், எடுத்தபின் பசி திரும்புகிறது. ஸ்லீவோடு சிறுகுடலின் பெரும்பகுதியையும் தாண்டிப் போகவிடும் டியோடினல் ஸ்விட்ச்தான் எடையை அதிகம் குறைப்பது. சத்துக் குறைபாட்டையும் அதிகம் கொடுப்பது. மாத்திரை விஷயத்தில் என்னைப் போன்ற ஆளுக்கு அது ஆகாது. ஸ்லீவே முதலில் அந்த ஸ்விட்ச் ஆபரேஷனின் முதல் கட்டமாகத்தான் இருந்ததாம். அதோடு நிறுத்தியவர்களுக்கே எடை போதுமான அளவு குறைந்ததால் தனியாக நிலைத்துவிட்டது.

எண்கள் கேட்பவர்களுக்கு: பின்லாந்தில் 240 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்லீவ், மறுபாதிக்கு பைபாஸ் செய்தார்கள். பத்தாண்டு முடிவு 2022ல் வந்தது. அதிகப்படி எடையில் ஸ்லீவ் 43 சதவீதத்துக்குச் சற்று மேல், பைபாஸ் 50 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைத்திருக்கிறது. பெரிய வித்தியாசம் உணவுக்குழாயில்தான்: அங்கே புண் இருந்தது ஸ்லீவ்காரர்களில் 31 சதவீதம், பைபாஸ்காரர்களில் 7. இதைப் படித்தபோது எனக்கு ஏற்கெனவே இரண்டாம் கத்தியும் பட்டு முடிந்திருந்தது.

இன்று என் எடை 80. மாற்று ஆபரேஷனால் எடை பெரிதாக இறங்கவில்லை, அதற்காகச் செய்ததும் இல்லை. சர்க்கரை மாத்திரை இல்லை. தலையணை ஒன்று.

இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம் என் தங்கை. அடுத்த மாதம் அவளுக்கு ஆபரேஷன். நான் பட்டதைக் கூடவே இருந்து பார்த்தவள், ஆகவே கண்ணை மூடிக்கொண்டு பைபாஸ் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். அவளுக்கு முடக்குவாதம்; மூட்டு வீங்குகிற வாரங்களில் வலி மாத்திரை இல்லாமல் அவளால் எழுந்து நடக்க முடியாது. அந்த மாத்திரையோடு பைபாஸ் சரிப்படாது என்று சர்ஜனும் சொன்னார். நெஞ்செரிச்சல் அவளுக்கு வந்ததே இல்லை. நம்பாமல் ஒரு வாரம் அவள் வீட்டில் தங்கினேன். ராத்திரி எழுந்து பார்ப்பேன், மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருப்பாள்.

போன வாரம் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட் வந்தது. நேராக நான்காவது வரிக்குப் போனேன். ஹெர்னியா இல்லை. ஸ்லீவ் என்று கையெழுத்துப் போட்டாள். வெளியே வரும்போது, "ஏன்க்கா, உனக்குக் கொட்டின மாதிரி எனக்கும் முடி கொட்டுமா?" என்றாள். கொட்டும் என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தவள், வடிகாலில் போடுகிற வலை எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.