திருப்புளியா, தராசா, ரீடரா? பழைய நின்டெண்டோ கார்ட்ரிட்ஜ்களின் உள்ளமைப்பைக் கண்டறியும் வழிகள்

1985-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நின்டெண்டோவின் என்இஎஸ் வீடியோ கேம் கருவிக்கான கார்ட்ரிட்ஜ்களில், ஒரே விளையாட்டின் இரண்டு பிரதிகள் வெளியே ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே வெவ்வேறு போர்டுகளைக் கொண்டிருப்பது உண்டு. இந்த வேறுபாட்டைக் கண்டறிய நான்கு வழிகள் வழக்கத்தில் உள்ளன: உறையையும் லேபிளையும் பார்ப்பது, எடை போடுவது, திறந்து போர்டைப் பார்ப்பது, ரீடரில் செருகிச் சிப்பில் உள்ள தரவைப் படியெடுப்பது. தரவைப் படியெடுப்பதே முடிவான சோதனை என்று பலர் கருதுகிறார்கள். வன்பொருளைப் பொறுத்தவரை அக்கருத்து தவறானது என்பதே என் நிலைப்பாடு.

இதற்கு ‘ஜைரோமைட்’ என்னும் விளையாட்டு தெளிவான எடுத்துக்காட்டு. என்இஎஸ்-இன் ஜப்பானிய வடிவமாக 1983-இல் வெளியான ஃபேமிகாம் கருவியின் கார்ட்ரிட்ஜில் 60 பின்கள். அமெரிக்க என்இஎஸ் கார்ட்ரிட்ஜில் 72. தொடக்கக்காலத்தில் அமெரிக்காவுக்கென்று தனிப் போர்டு செய்வதற்குப் பதிலாக, ஜப்பானியப் போர்டையே ஓர் இணைப்புப் போர்டில் செருகிச் சாம்பல் நிற உறைக்குள் வைத்து அனுப்பினார்கள். அத்தகைய பிரதியைத் திறந்தால் இரண்டு போர்டுகள் கண்ணில் படும்: எச்விசி என்னும் ஃபேமிகாம் குறியீட்டோடு தொடங்கும் பெயர் பொறித்த சிறிய போர்டு ஒன்று, அது செருகப்பட்டிருக்கும், ‘என்இஎஸ்-ஜாயின்ட்-01’ என்று பொறித்த இன்னொன்று. அனுமதியில்லாத கார்ட்ரிட்ஜ்களைத் தடுக்கும் பூட்டுச் சிப் ஃபேமிகாமில் கிடையாது என்பதால், என்இஎஸ் எதிர்பார்க்கும் அந்தச் சிப் இந்த இணைப்புப் போர்டில்தான் அமர்ந்திருக்கும். பிற்காலப் பிரதிகளிலோ ஒரே போர்டுதான் இருக்கும்.

இரண்டையும் ரீடரில் இட்டால் கிடைக்கும் தரவு ஒன்றேதான். திரையிலும் இரண்டுமே ‘ரோபாட் ஜைரோ’ என்ற ஜப்பானியப் பதிப்பின் தலைப்பையே காட்டும். எனவே தலைப்பைப் பார்த்துவிட்டு “என்னிடம் ஜப்பானியப் போர்டு இருக்கிறது” என்று விற்பவர் சொன்னால், அது சான்றாகாது.

எடை போடும் முறை இந்த ஒரு கேள்விக்கென்றே பிறந்தது. இணைப்புப் போர்டு கூடுதலாக இருப்பதால் அந்தப் பிரதி கனமாக இருக்கும். சமையலறைத் தராசே அதற்குப் போதும். ஆனால் அதே விளையாட்டின் இன்னொரு பிரதியோடு ஒப்பிட்டால்தான் எடைக்குப் பொருள் உண்டு. பேட்டரி, கூடுதல் நினைவகச் சிப் ஆகியவை கொண்ட வேறொரு விளையாட்டோடு ஒப்பிட்டால் எண்கள் ஏமாற்றும். இந்த ஒரு கேள்வியைத் தாண்டி, நினைவகத்தைப் பகுதி பகுதியாக மாற்றித்தரும் எம்எம்சி1 சிப்பின் எந்தப் பதிப்பு உள்ளே இருக்கிறது என்பது போன்றவற்றுக்குத் தராசிடம் விடை இல்லை.

உறையைப் பார்ப்பது செலவில்லாதது, முதல் வடிகட்டலுக்குப் பயன்படுவது. தொடக்கக்கால உறைகளில் ஐந்து ஸ்க்ரூக்கள் இருந்தன. பின்னர் மேலே இருந்த இரண்டும் நீங்கி, அவற்றின் இடத்தில் பிளாஸ்டிக் கொக்கிகள் வந்தன. இணைப்புப் போர்டு உள்ள பிரதிகள் ஐந்து ஸ்க்ரூ உறையில்தான் வரும். ஆனால் ஐந்து ஸ்க்ரூ உறை எல்லாவற்றிலும் இணைப்புப் போர்டு இருக்காது. விலைப்பட்டியல்களில் இந்த இரண்டாவது பாதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது, அது தற்செயல் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

லேபிளுக்கும் இதே வரம்புதான். அமெரிக்காவில் 1990-இல் வெளியான ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’-இன் முதல் அச்சில், ‘பிரதர்ஸ்’ என்பதன் சுருக்கம் இடப்பக்கம் தள்ளி மாரியோவின் கையுறைமேல் ஏறியிருக்கும். பிந்தைய அச்சில் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. நிரலிலும் மாற்றம் உண்டு: முதல் பதிப்பின் இறுதிக் காட்சியில் ‘டெசர்ட் ஹில்’ என்று வரும் உலகத்தின் பெயர், திருத்தப்பட்ட பதிப்பில் ‘டெசர்ட் லேண்ட்’ என்றாகிவிடும். லேபிளைக் கொண்டு நிரலை ஊகிக்கலாமே தவிர உறுதி செய்ய முடியாது, ஏனெனில் லேபிள் ஒட்டப்படுவது உறையின்மேல். போர்டு தனியே வந்து அதனுள் சேர்கிறது. இங்கே ரீடர் நன்றாக உதவும். ஆனால் சிப்பின்மேல் ‘என்இஎஸ்-யுஎம்-0 பிஆர்ஜி’ என்றோ ‘என்இஎஸ்-யுஎம்-1 பிஆர்ஜி’ என்றோ பதிப்பு எண் அச்சிடப்பட்டிருப்பதால், திறந்து பார்ப்பவருக்கும் அதே விடை கிடைத்துவிடுகிறது.

திறப்பதால் கிடைக்கும் மற்றவற்றை ரீடர் தராது. ‘செல்டா’ விளையாட்டில் உள்ள எஸ்என்ரோம் என்னும் வகைப் போர்டை எடுத்துக்கொள்வோம். அதில் போர்டின் பெயரும் திருத்த எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். எம்எம்சி1 சிப்பின்மேல் அதன் பதிப்பு எழுதியிருக்கும். எம்எம்சி1ஏ பதிப்பில் சேமிப்பு நினைவகம் எப்போதும் திறந்தே இருக்கும். எம்எம்சி1பி வந்த பிறகே அதை நிரல்வழி மூடும் வசதி கிடைத்தது. படியெடுத்த தரவுக் கோப்பில் இதற்கு எந்தத் தடயமும் இல்லை. படியெடுத்த தரவைச் சேமிக்கும் வழக்கமான ஐநெஸ் வகைக் கோப்பின் 16 பைட் முகப்பு ‘மேப்பர் 1’ என்று மட்டும் குறிக்கும் (மேப்பர் என்பது நினைவகத்தை மாற்றித்தரும் சுற்றின் வகை). எஸ்என்ரோம், எஸ்கேரோம் முதலான பல போர்டுகள் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன.

சிப்புகளின்மேல் நான்கு இலக்கத் தேதிக் குறியும் இருக்கும்: 8732 என்றால் 1987-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். அது சிப் உருவான வாரமே தவிர கார்ட்ரிட்ஜ் உருவான வாரம் அன்று. போர்டில் உள்ள சிப்புகளிலேயே மிகப் பிந்தைய தேதியை எடுத்துக்கொண்டு, அதற்குமுன் இந்தப் பிரதி முழுமை பெற்றிருக்க முடியாது என்று சொல்வதே முறை.

போலிகளைப் பிரிப்பதிலும் போர்டுதான் பேசுகிறது. 1990-இல் நடந்த நின்டெண்டோ உலகச் சாம்பியன்ஷிப் போட்டிக்கான கார்ட்ரிட்ஜ்களில் 90 சாம்பல் நிறத்திலும் 26 பொன் நிறத்திலும் வெளியாயின. அவற்றின் முகப்பில் தெரியும் சிறு சுவிட்சுகள் போட்டி நேரத்தை நிர்ணயிப்பவை. அந்தத் தரவு கைக்குக் கிடைத்தால் யாரும் அதை வேறு சிப்பில் ஏற்றிவிடலாம், ரீடரும் “சரியாக இருக்கிறது” என்றே சொல்லும். ‘என்இஎஸ்-ஈவென்ட்’ என்று பொறித்த போர்டும் சிப்புகளின் தேதிகளும் ஒத்துப்போகின்றனவா என்பதைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

திறப்பதில் உள்ள இடர் என்இஎஸ் கார்ட்ரிட்ஜ்களில் குறைவு. தொடக்கக்கால உறைக்குச் சாதாரணத் தட்டைத் திருப்புளி போதும், பிந்தையவற்றுக்கு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்னும் சிறப்புத் திருப்புளி தேவை, அது மலிவாகவே கிடைக்கிறது. பேனா மூடியை உருக்கி ஸ்க்ரூவில் அழுத்தும் வித்தையைத் தவிர்ப்பது நல்லது.

ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜுக்கு வந்தால் வரிசை தலைகீழாகிறது. அவற்றில் பல ஸ்க்ரூ இல்லாமல் கொக்கிகளால் மட்டுமே பிணைந்தவை என்பதால், நெம்பித் திறந்தால் விளிம்பில் தழும்பு விழும் அல்லது கொக்கி ஒடியும். அங்கே முதலில் வெளிப்புற அடையாளங்களையும், அடுத்து ரீடரையும் நம்புவதே நியாயம். நல்ல வேளையாகச் சில வேறுபாடுகள் வெளியிலேயே தெரிகின்றன: ஐரெம் நிறுவனத்தின் தொடக்கக்காலக் கார்ட்ரிட்ஜ்களில் மின்சாரம் பாய்ந்ததும் ஒளிரும் சிவப்பு எல்இடி விளக்கு இருந்தது, பிந்தைய தயாரிப்புகளில் அது இல்லை.

1990-களில் நம் ஊர்க் கடைகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் விற்ற நகல் கருவிகளின் கார்ட்ரிட்ஜ்களும் இதே 60 பின் வகைதான். அவற்றில் பெரும்பாலானவற்றைத் திறந்தாலும் பெயரோ தேதியோ இல்லாத சிப்பை மூடிய கரிய எபாக்ஸிப் பிசின் பொட்டு மட்டுமே தெரியும். அங்கே ரீடரைத் தவிர வேறு வழியில்லை. ஒரே கார்ட்ரிட்ஜில் பல விளையாட்டுகளை அடக்கும் அந்த மேப்பர்களில் பலவற்றை ரீடரின் மென்பொருள் அறிந்திருக்காது என்பதால், முதல் முயற்சியில் கிடைக்கும் தரவு முழுமையானதுதானா என்று கருவியில் ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.