மோட்டார் கொட்டகைக்கு வைஃபையா, சிம்மா?

மன்னார்குடியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வயல். வீட்டிலிருந்து போர்வெல் மோட்டார் கொட்டகை முக்கால் கிலோமீட்டர். ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்தது போதும், மோட்டாரைப் போனிலிருந்தே போடலாம் என்று இரண்டு வழியையும் பார்த்துவிட்டேன். முதலில் தங்கை மகன் செய்து கொடுத்த வைஃபை போர்டு. அப்புறம் கடையில் வாங்கிய, செல்போன் சிம் போட்டு ஓடும் மோட்டார் ஸ்டார்ட்டர். இப்போது கொட்டகையில் இருப்பது சிம்தான்.

போனிலிருந்து போடுவது, நிறுத்துவது, நேரம் வைப்பது இரண்டிலும் உண்டு. விலையில் வைஃபை போர்டு மலிவு.

அதற்கு இன்னொரு பெருமையும் உண்டு. இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் மழை முன்னறிவிப்பைத் தானே படித்து, மழை என்றால் மோட்டாரைப் போடாது. "மாமா, இனிமே நீங்க வானத்தைப் பார்க்கவே வேண்டாம்" என்றான் பையன். ஊருக்கு மழை என்று அறிவிப்பு வந்த அன்று எங்கள் நாற்றங்காலில் ஒரு தூறல்கூட இல்லை. மோட்டாரும் ஓடவில்லை.

பொதுத் தகவலை நான் ஒதுக்கவில்லை. மேட்டூரில் 120 அடிக்கு எத்தனை அடி நிற்கிறது, எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று தினமும் பார்க்கிறேன். அங்கே திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாள் போல ஆகும், நம் வாய்க்காலுக்கு அதற்கும் மேல். குறுவை நாற்றை அதுவரை போர் தண்ணீரில் எத்தனை நாள் காப்பாற்றுவது என்று கணக்குப் போடலாம். ஐப்பசியில் மழை எங்கே பெய்கிறது என்று காட்டும் காரைக்கால் ரேடார் படம். இதையெல்லாம் கண்ணால் பார்த்தால் போதும், மோட்டாரோடு கட்டிப்போட வேண்டாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. வீட்டு வைஃபை கொட்டகைக்கு எட்டாது. அங்கேயே சிம் போட்ட ரவுட்டர் வைத்தோம். ஆக, ரீசார்ஜ் செலவு அதிலும் தப்பவில்லை. கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும். திரும்பி வந்தாலும் சில நாள் இணைப்பு பிடிக்காமல் முழிக்கும், அணைத்துப் போட அதே வரப்பில்தான் நடக்க வேண்டும். ஒரு தடவை போர்டுக்குள் எறும்பு புகுந்தது. பையனோ அதற்குள் வேலைக்குச் சென்னை போய்விட்டான், போனில் வழி சொன்னான். எனக்குப் பாதி புரிந்தது.

சிம் ஸ்டார்ட்டர் உள்ளே சின்ன பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் வந்தாலும் செய்தி அனுப்புகிறது. மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போனாலோ, தண்ணீர் இல்லாமல் ஓடினாலோ நிறுத்திவிடும். உள்ளே மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் கெட்டால் மோட்டார் மெக்கானிக்கே மாற்றிவிடுகிறார். வாங்கும்போது அது 2ஜியா 4ஜியா என்று கேளுங்கள். 2ஜி மட்டும் என்றால் ஜியோ சிம் வேலை செய்யாது, வேறு சிம்தான் போட வேண்டும். பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்ல எனக்கு இரண்டு போக அனுபவம் போதாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததுபோல் கம்பமும் டவரும் சேர்ந்து சாய்ந்தால் இரண்டுமே வெறும் டப்பாதான்.

வைஃபை போர்டு வீணாகவில்லை. வீட்டு மாடித் தொட்டிக்கு மாட்டியிருக்கிறேன். ரவுட்டர் பத்தடியில் இருக்கிறது, மக்கர் செய்தால் சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டிவிடுவாள் என் மனைவி.