64 நிறம், 9 வருடம்: எங்கள் வீட்டுக் கிரேயோலாப் பெட்டி

2016இல் விடுமுறைக்குக் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்த அக்கா, சொக்லேட், சம்போ, விற்றமின் போத்தல் எல்லாம் எடுத்து வைத்த பிறகு, பெட்டியின் அடியிலிருந்து ஒரு மஞ்சள், பச்சை அட்டைப் பெட்டியை உருவி என் மூத்தவளிடம் நீட்டினாள். கிரேயோலா என்ற அமெரிக்க மெழுகு நிறக்குச்சி, 64 நிறம், பின்பக்கத்தில் கட்டர் பொருத்தியது. மகளுக்கு அப்போது 4 வயது. இப்போது 13. அட்டைப் பெட்டி எப்போதோ கிழிந்துவிட்டது. மிஞ்சியவை ஒரு பிஸ்கற் டின்னில் கிடக்கின்றன. நேற்று எண்ணிப் பார்த்தேன், 41 துண்டு. முழுசாக இருப்பது வெள்ளை மட்டும்தான். வெள்ளைத் தாளில் வெள்ளையை யார் தீட்டுவார்கள்?

இதைச் செய்த கொம்பனி பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கொம்பனி இல்லை. 1885இல் நியூயோர்க்கில் எட்வின் பின்னியும் அவருடைய உறவுக்காரர் ஹரல்ட் ஸ்மித்தும் சேர்ந்து 'பின்னி அன்ட் ஸ்மித்' என்று ஆரம்பித்தார்கள். அமெரிக்கக் களஞ்சியங்களுக்குப் பூசும் சிவப்புச் சாயம், டயரைக் கறுப்பாக்கும் கரித்தூள், இவைதான் சரக்கு. 1900இல் பென்சில்வேனியாவின் ஈஸ்டனில் சிலேட்டுக் குச்சி செய்ய இறங்கினார்கள். அதை விற்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போன இடத்தில்தான் ரீச்சர்மாரின் குறைகள் காதில் விழுந்தன. தூசி பறக்காத சோக் செய்தார்கள், அதற்கு 1904 சென் லூயிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கமும் கிடைத்தது. அதற்கு முதல் வருடமே, 1903இல், 8 நிறக் குச்சிகள் கொண்ட பெட்டி 5 சதத்துக்கு வந்துவிட்டது. பெயர் வைத்தது பின்னியின் மனைவி அலிஸ். அவரும் ரீச்சராக இருந்தவர். சோக்கைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லோடு எண்ணெய்ப்பசையைக் குறிக்கும் சொல்லை ஒட்டினார். சிலேட்டில் எழுதிப் படித்த என் அப்பாவுக்கு இந்தக் கதையில் பிடித்தது குச்சிப் பகுதி மட்டும்தான்.

சரி, பாவனைக்கு வருகிறேன். நிறம் பிடிக்கும் விதத்தில் எனக்குக் குறையில்லை. இடையில் புறக்கோட்டை நடைபாதையில் பெயரில்லாத ஒரு பெட்டி மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்தேன். மெழுகுதிரியைத் தாளில் தேய்த்த மாதிரி இருந்தது. சின்னவன் இரண்டு நாளில் அதைத் தூக்கிப் போட்டான்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது 2018இல் நடந்தது. மூத்தவள் முதலாம் வகுப்பு. 'என் குடும்பம்' என்று சித்திரம் கீறிக்கொண்டு போக வேண்டும். எல்லாருடைய முகத்துக்கும் 'பீச்' நிறத்தை எடுத்துத் தீட்டி முடித்திருந்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நான் எப்ப பிள்ளை இவ்வளவு வெள்ளையானனான்?"

"அது ஸ்கின் கலர், அம்மம்மா."

அந்தக் குச்சியின் பழைய பெயரே 'சதை நிறம்' என்பதுதான். யாருடைய சதை என்ற கேள்வி ஒரு கட்டத்தில் வரத்தானே செய்யும்? 1962இல் பெயரை 'பீச்' என்று மாற்றினார்கள். 56 வருடம் கழித்து, கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை அதையே ஸ்கின் கலர் என்கிறாள். பெட்டியில் அப்படி எழுதியிருக்கவில்லை, வகுப்பில் எல்லாரும் சொல்வதைக் கேட்டு வந்திருக்கிறாள். அன்று இரவு அம்மாவின் கையை மேசையில் வைத்து, பக்கத்தில் ஒவ்வொரு மண்ணிறமாகத் தீட்டிப் பார்த்தோம். 'செஸ்ட்நட்' மேல் 'சீப்பியா' மெல்லியதாக ஓட்டியபோது சரியாக வந்தது. அந்தச் செஸ்ட்நட்டுக்கும் கதை உண்டு. 1999 வரை அது 'இந்தியன் ரெட்'. இந்தியப் பக்கத்துச் சாயமண்ணைக் குறித்த பெயர்தான், ஆனால் அமெரிக்கப் பூர்வீகக் குடிகளின் தோலைச் சொல்வதாகப் பிள்ளைகள் நினைத்தார்கள் என்று மாற்றினார்கள். 2020இல் தோல் நிறங்களுக்கென்றே 24 குச்சி வந்தது, அக்கா அதையும் அனுப்பினாள். நல்லதுதான். என்றாலும் எங்கள் வீட்டில் அம்மம்மாவுக்கு இன்றைக்கும் அந்த இரண்டும் சேர்ந்த நிறம்தான்.

மெழுகுக் குச்சியால் எல்லாம் முடியாது. ஒரு நிறத்தை இன்னொன்றோடு விரலால் இழைத்துக் கலக்க வராது. நான்காம் வகுப்பில் ஆடிவேல் விழாவைக் கீறச் சொன்னபோது ரீச்சர் பேஸ்டல்தான் வேண்டும் என்றுவிட்டார். எண்ணெய் பேஸ்டல் வேறு சாமான். ஜப்பானின் சகுரா கொம்பனி 1925இல் கொண்டுவந்தது அது. நாங்கள் வாங்கியது அட்லஸ். 1959இல் சிலோன் பென்சில் கொம்பனியாகத் தொடங்கி, 2018இல் ஹேமாஸ் குழுமத்தின் கைக்குப் போன நம்மூர்க் கொம்பனி. தேரின் சிவப்பும் வெயிலும் பேஸ்டலில் அழகாக இழைந்தன. சட்டையிலும்தான். ஏழு வயதுக்குக் கீழே என்றால் மெழுகு, அதற்கு மேலே பேஸ்டல். என் கணக்கு இதுதான்.

வெயிலில் விடவே கூடாது. காலிமுகத்திடலில் பட்டம் விடப் போன நாளில் பத்துப் பன்னிரண்டு குச்சியைக் காரின் முன்கண்ணாடியடியில் மறந்துவிட்டேன். திரும்பி வரும்போது ஒரே கட்டி. தப்பு என்னுடையது. சின்னவனோ அதை உடைக்க விடவில்லை, ஒரே இழுப்பில் ஐந்து நிறம் வருகிறதாம்.

2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்களே, அப்போது சித்திரக் கொப்பிக்கு எங்கே போவது? பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம்தான். வழுவழுப்பான அந்தத் தாளில் வோட்டர் கலர் நிற்கவில்லை, மெழுகு நின்றது. அந்த வெள்ளைக் குச்சிக்கும் அப்போதுதான் வேலை கிடைத்தது. சாதாரணத் தாளில் அதால் புள்ளி வைத்து, மேலே கருநீல வோட்டர் கலரை ஓட்டினால் மெழுகு தண்ணீரைத் தள்ளிவிடும், நட்சத்திரம் தெரியும். மின்வெட்டு இரவில் மாடியிலிருந்து பார்த்த வானம் என்று மூத்தவள் அதற்குப் பெயர் எழுதியிருக்கிறாள்.

டொலர் ஏறிய பிறகு இங்கே கடையில் 64 பெட்டியைக் கண்டால் விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வருகிறேன். புதிதாக வாங்குபவர்களுக்கு 24 போதும். கூடுதல் 40இல் பாதியைப் பிள்ளைகள் தொடுவதே இல்லை.

அக்கா மார்கழியில் வருகிறாளாம், என்ன வேண்டும் என்று கேட்டாள். மூத்தவள் அக்ரிலிக் என்றாள். சின்னவன் டின்னைக் கிளறி, நகத்தளவு தேய்ந்துபோன செஸ்ட்நட்டை எடுத்து வீடியோவில் காட்டி, "பெரியம்மா, இது மட்டும் தனிய விப்பினமோ?" என்றான்.