கடலில் நிற்கும் கப்பலா, யார்டில் தங்கும் பெட்டியா: நெரிசலை எதை வைத்து அளப்பது?

கொரோனா காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுக நெரிசலைப் பலரும் கணித்தது காத்திருந்த கப்பல்களை எண்ணித்தான். எளிதில் கிடைக்கும் எண். தலைப்புச் செய்திக்கும் தோது. 2022 ஜனவரியில் அது 109-ஐத் தொட்டது. ஆனால் 2021 நவம்பர் 16 முதல் வரிசை முறை மாறியது. முந்தைய துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்ட நேரத்தை வைத்தே முறை வந்ததால், கப்பல்கள் கரையிலிருந்து 150 மைலுக்கு அப்பால் நின்றன. கரையோரத்தை மட்டும் எண்ணியவருக்கு நெரிசல் கரைந்ததுபோல் தோன்றியிருக்கும்.

யார்டில், அதாவது துறைமுகத்துக்குள் கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கிவைக்கும் இடத்தில், பெட்டி தங்கும் நாள்கணக்கு கவர்ச்சியற்றது, ஆனால் காரணத்தைக் காட்டும். கிடங்கு நிரம்பினால் பெட்டி சேசிஸ் (டிரக் இழுத்துச்செல்லும் சக்கரச் சட்டம்) மேலேயே கிடக்கும். சேசிஸ் திரும்பாவிட்டால் டிரக்கால் அடுத்த பெட்டியை எடுக்க முடியாது. யார்டில் அடுக்கு உயரும். அடிப்பெட்டியை எடுக்க மேலிருப்பவற்றை எல்லாம் இறக்க வேண்டும், கிரேன் நேரம் அதிலேயே போகும். 2021 அக்டோபரில் இரு துறைமுகங்களும் அறிவித்த கட்டணமும் இதையே குறிவைத்தது: டிரக்கில் போகவேண்டிய பெட்டி 9 நாள் தங்கினால் 100 டாலர், பிறகு தினமும் 100 கூடும். தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள், கடைசிவரை வசூலிக்கவில்லை. ஆனாலும் பழைய பெட்டிகள் நகர்ந்தன.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். 9 நாள் தாண்டியவை எத்தனை என்று தனியே கேளுங்கள்.

தொழிலாளர்களிடம் தொற்று பரவினால் இரண்டு அளவுகளும் அதைத் தாமதமாகத்தான் காட்டும். 2021 மே இறுதியில் சீனாவின் யான்டியன் துறைமுகத்தில் மேற்குப் பகுதி நின்றுபோனது. முழு இயக்கம் திரும்ப ஜூன் 24 ஆயிற்று. அங்கே முதலில் பார்க்கவேண்டியது ஏற்றுமதிப் பெட்டிகளை வாயிலில் ஏற்கிறார்களா என்பதை.